பதிவான பத்திரத்தின் நகல் கிடைக்கவில்லையா? எங்கே சிக்கல் என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

சென்னையில் வீடு விற்கவோ, கடன் வாங்கவோ, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கவோ உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, "மூலப் பத்திரம் எங்கே?" என்பதுதான். பத்திரம் தொலைந்திருந்தாலும், கரையான் அரித்திருந்தாலும், வேறொருவர் கையில் மாட்டியிருந்தாலும், அது பதிவான பத்திரம் என்றால் அதன் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். நகல் மனு போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

ஆனால் பலரும் மனு போட்டுவிட்டு, "அப்படி ஒரு ஆவணமே இல்லை" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். நான் பார்த்தவரை, ஆவணம் உண்மையிலேயே இல்லாமல் போவது மிகவும் அபூர்வம். அதைத் தேடுவதற்குக் கொடுத்த விவரம்தான் தப்பாக இருக்கும். நான்கு விவரங்கள் சேர்ந்தால்தான் ஒரு பத்திரம் அகப்படும்: எந்த அலுவலகம், எந்தப் புத்தகம் (ஆவண வகைக்கு ஏற்ப அலுவலகம் வைத்திருக்கும் பதிவேடு), எந்த ஆண்டு, என்ன எண். இதில் ஒன்று பிசகினாலும் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே "இல்லை" என்ற வார்த்தையைக் கேட்டதும் மனம் தளர வேண்டாம். கீழே உங்கள் நிலைமை எதுவோ அதைப் பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.

கையில் எண்ணே இல்லை, பழைய ஜெராக்ஸ்கூட இல்லை

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். பத்திரத்தைவிட அதன் எண் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். பழைய வங்கிக் கடன் ஒப்பந்தம், பட்டா மாற்றத்துக்குக் கொடுத்த மனு, சொத்துவரிப் பெயர் மாற்றக் கோப்பு, வக்கீல் கொடுத்த சட்டக் கருத்து, எல்லாவற்றிலும் "சார்பதிவாளர் அலுவலக ஆவண எண் இன்னது" என்று ஒரு வரி இருக்கும்.

அதுவும் இல்லையா? வில்லங்கச் சான்று, அதாவது எல்லோரும் சொல்கிற ஈசி, அதைப் பாருங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கட்டணம் இல்லாமலே பார்வையிடலாம். கிராமம், புல எண், உட்பிரிவு, கால வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால் அந்த நிலத்தின் மேல் நடந்த பதிவுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களும், தொகுதி எண், பக்க எண்ணும் இருக்கும். அதிலேயே "முந்தைய ஆவண எண்" என்று ஒரு கட்டம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் பத்திரம் நேரடியாகக் கிடைக்காவிட்டாலும், அதற்கு அப்புறம் நடந்த ஒரு அடமானமோ ரசீதோ கிடைத்தால் போதும். அந்தக் கட்டத்தில் உங்கள் பத்திரத்தின் எண் உட்கார்ந்திருக்கும்.

மனைப்பிரிவில் வாங்கிய இடமென்றால் பக்கத்து மனைக்காரரிடம் கேளுங்கள். ஒரே உரிமையாளர் ஒரே காலத்தில் விற்ற மனைகளின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். அவர் பத்திரம் எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்று தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறையும்.

எதுவுமே இல்லாதபோது பெயரை வைத்துத் தேடலாம். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு ஓர் அட்டவணையும், சொத்துக்கு ஓர் அட்டவணையும் வைத்திருக்க வேண்டும். பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி மனு கொடுக்கும்போது பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக் கொடுங்கள். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி மூன்றும் வேறு வேறு இடத்தில் இருக்கும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து, கணவர் பெயரின் முதலெழுத்து இரண்டையும் சொல்லுங்கள்.

ஈசி போட்டால் "நில்" என்று வருகிறது

நகல் தேடுபவர்களை அதிகம் கலங்கடிப்பது இதுதான். முப்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பதிவும் இல்லை என்று திரையில் வந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்று.

ஒன்று, கிராமத்தின் பெயர். பதிவுத்துறைக்கு உங்கள் பேட்டையின் பெயர் தேவையில்லை. வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் தேவை. அண்ணா நகரில் இருப்பவர் "அண்ணா நகர்" என்று தேடிக்கொண்டிருப்பார். நிலம் நடுவக்கரை, பெரியகூடல், முல்லம், வில்லிவாக்கம் போன்ற கிராமங்களில் ஒன்றில் இருக்கும். கோடம்பாக்கத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகளின் பத்திரத்தில் "புலியூர் கிராமம்" என்றுதான் எழுதியிருக்கும். பெசன்ட் நகர்ப் பக்கம் "ஊரூர்" என்று இருக்கும். சொத்து விவரத்தில் "கிராமம்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு, புல எண். பழைய பத்திரத்தில் பைமாஷ் எண் (முற்காலத்து நில அளவை எண்) அல்லது பழைய சர்வே எண் இருக்கும். நகர நில அளவை நடந்த பின் அதே இடத்துக்கு டி.எஸ். (டவுன் சர்வே) எண்ணும் பிளாக் எண்ணும் வந்திருக்கும். பதிவுகள் இரண்டு எண்களிலும் பிரிந்து கிடக்கலாம். பழைய எண்ணுக்கு ஒரு தேடல், டி.எஸ். எண்ணுக்கு ஒரு தேடல் என்று தனித்தனியாகப் போடுங்கள். உட்பிரிவும் அப்படித்தான்: இன்று 45/2ஏ1 என்று இருக்கும் மனை, வாங்கியபோது வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். இப்போதைய உட்பிரிவை மட்டும் கொடுத்தால், பிரிவதற்கு முந்தைய பதிவு எதுவும் வராது. இந்த எண்களின் தொடர்பு தெரியாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் பிரதி கேளுங்கள்.

கதவு எண்ணை நம்பித் தேடாதீர்கள். சென்னையில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று எழுதாத முகவரியே இல்லை. பத்திரத்தில் இருக்கும் எண் எந்தக் காலத்து எண் என்று அதை எழுதியவருக்குத்தான் தெரியும்.

மூன்று, கால வரம்பு. மிகப் பழைய பதிவுகள் எல்லாம் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. 1968-ல் வாங்கிய வீட்டுக்கு இணைய ஈசி "நில்" என்று சொன்னால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்தக் காலத்துக்கு அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்து, புத்தகத்தைப் பார்த்து எழுதும் மேனுவல் ஈசி வாங்க வேண்டும்.

நான்கு, அலுவலகம். ஊர் வளர வளரச் சார்பதிவாளர் அலுவலகங்கள் பிரிந்து புதிதாக வந்தன, எல்லைகள் மாறின, கிராமங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போயின. இன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அலுவலகம் உங்கள் பத்திரத்தைப் பதிந்த அலுவலகமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் பல பகுதிகள் முன்பு செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம் என்றே பத்திரங்களில் வரும். செங்கல்பட்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பத்திரம் வேறு ஊருடையது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். தளத்தில் மாவட்டத்தை மாற்றி, பழைய அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி தேடுங்கள்.

எண் கையில் இருக்கிறது. ஆனாலும் வேறு யாருடைய பத்திரமோ வருகிறது

பத்திரத்தின் ஜெராக்ஸ் இருந்தால் அதன் பின்பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் விற்பவரும் வாங்குபவரும் பேசுவது. பின்பக்கம்தான் அலுவலகம் பேசுவது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஆவண எண், ஆண்டு, மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று முத்திரை இருக்கும். கடைசிப் பக்கங்களில் "1-ம் புத்தகம், இத்தனையாவது தொகுதி, இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை, இன்ன எண்ணாகப் பதிவு செய்யப்பட்டது" என்ற வரியும், சார்பதிவாளரின் கையெழுத்தும், வட்ட முத்திரையும் இருக்கும். அந்த வட்டத்துக்குள் மங்கலாக இருக்கும் அலுவலகப் பெயரை ஒரு பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது பின்பக்கத்தை விட்டுவிடுவது நம் பழக்கம். பத்திரத்தை வங்கியிலோ வேறு யாரிடமோ கொடுக்கும் முன் பின்பக்கங்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

இப்போது எண் தப்பாவது எப்படி என்று பார்ப்போம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஜனவரி பிறந்ததும் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். எனவே 412 என்ற எண் ஒவ்வொரு அலுவலகத்திலும், ஒவ்வொரு ஆண்டிலும், ஒவ்வொரு புத்தகத்திலும் இருக்கலாம். அந்த மூன்றையும் சரியாகச் சொன்னால்தான் உங்கள் 412 வரும்.

ஆண்டு பிசகுவதுதான் சகஜம். பத்திரத்தின் முதல் வரியில் இருப்பது எழுதிய தேதி. எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கலாம் என்பது சட்டம். வருடக் கடைசியில் எழுதிய பத்திரம் அடுத்த வருட எண்ணில் பதிவாகியிருக்கும். கவுன்ட்டரில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, நீங்க சொல்ற எண்பத்தேழுல இந்த நம்பர் வேற ஒருத்தருதும்மா."

"சார், பத்திரம் டிசம்பர் கடைசில எழுதினது. ஜனவரில பதிஞ்சிருப்பாங்க. எண்பத்தெட்டுல ஒரு தடவை பாருங்க சார்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தால் பாதி மனுக்கள் திரும்பி வராது.

அலுவலகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாவட்டப் பதிவாளர் தனக்குக் கீழே இருக்கும் எந்தச் சார்பதிவகத்தின் எல்லைக்குள் உள்ள சொத்தின் பத்திரத்தையும் பதியலாம். அப்படிப் பதிந்திருந்தால் எண் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் எண். உள்ளூர்ச் சார்பதிவகத்துக்கு ஒரு குறிப்பாணை மட்டும் போயிருக்கும். சென்னை வடக்கு, மத்திய, தெற்கு என்ற பெயர்களோடு "இணை 1", "இணை 2" என்று முத்திரை இருந்தால், அந்த "இணை" என்ற சொல்லையும் எண்ணையும் விடாமல் மனுவில் எழுதுங்கள். வெறும் "சென்னை தெற்கு" என்று எழுதினால் தேடல் தவறான அலுவலகத்துக்குப் போய்விடும்.

இவ்வளவும் சரிபார்த்த பின்பும் அந்த எண்ணில் வேறொருவர் பத்திரம்தான் இருக்கிறது என்றால், உங்கள் கையில் இருக்கும் ஜெராக்ஸையே சந்தேகப்பட வேண்டும். நீங்கள் வாங்கப்போகிறவர் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். நகலையும் ஜெராக்ஸையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

"நீங்க யாரு? உங்க பேர்ல பத்திரம் இல்லையே" என்கிறார்கள்

பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தை, கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம் எல்லாம் இதில் அடங்கும். நீங்கள் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. நிலம் வாங்குகிறவன் முன்னால் நடந்ததைப் பார்த்து வாங்கட்டும் என்பதற்காகவே இந்தப் பதிவுகள் பொதுவில் இருக்கின்றன. மறுத்தால் சண்டை போட வேண்டாம். மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

உயில் அப்படி இல்லை. அது 3-ம் புத்தகம். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். அவர் காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழை மனுவோடு இணையுங்கள். அப்பா உயில் எழுதினாரா என்று அவர் இருக்கும்போதே ரகசியமாகப் பார்த்துவிட நினைக்கும் பிள்ளைகளுக்கு வழி இல்லை. அது நியாயமும்கூட.

4-ம் புத்தகத்தில் இருப்பவை, பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் போன்றவை, எழுதிக் கொடுத்தவருக்கும் அதன் மூலம் உரிமை கோருபவருக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும்தான் கிடைக்கும். அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்ற வீட்டை வாங்கியிருந்தால், உங்கள் கிரயப் பத்திரத்தைக் காட்டி, நீங்கள் எப்படி உரிமை கோருகிறீர்கள் என்று மனுவில் விளக்குங்கள்.

இணையத்தில் பணம் போய்விட்டது, விண்ணப்பத்தைக் காணோம்

உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கில் நுழைந்து விண்ணப்பப் பட்டியலைப் பாருங்கள். வங்கியிலிருந்து தகவல் தாமதமாக வந்து நிலை தானாக மாறுவது உண்டு. மாறாவிட்டால் பரிவர்த்தனை எண்ணோடு துறையின் உதவி மையத்தில் புகார் பதியுங்கள்.

நகல் வந்துவிட்டது, ஆனால் வங்கி ஏற்கவில்லை

இணையத்தில் வரும் நகல் மின்கையொப்பம் இட்ட பிடிஎஃப். கைபேசியில் திறந்தால் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி தெரியும். அதைப் பார்த்துவிட்டு "இது செல்லாது" என்று சொல்லிவிடுகிறார்கள். கணினியில் அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் சொடுக்கி, அந்தச் சான்றிதழை நம்பகமானது என்று சேர்த்துச் சரிபார்த்தால் கேள்விக்குறி போய்ப் பச்சைக் குறி வரும். கோப்பை மின்னஞ்சலில் அப்படியே அனுப்புங்கள். அச்சடித்த தாளில் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாது. மேலாளர் தாளில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அலுவலகத்தில் மனு போட்டு மைக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகலை வாங்கிவிடுவது நல்லது. சார்பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுக்கும் நகல், மூல ஆவணத்தில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க ஏற்கப்படும் என்று அதே 57-வது பிரிவு சொல்கிறது.

நகலில் வரைபடம் இல்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும். பத்திரத்தோடு கொடுக்கும் மனை வரைபடம் தனிக் கோப்பில் இருக்கும். மனுவிலேயே "இணைப்பு வரைபடத்துடன்" என்று எழுதிக் கேட்டால்தான் அதையும் தேடி எடுப்பார்கள். பக்கம் கறுத்தோ, ஓரம் வெட்டுப்பட்டோ வந்தால், எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்து, தொகுதியைப் பார்த்து மறுபடி எடுத்துத் தரக் கேளுங்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் அளவும் படிக்க முடிகிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

எங்கே தேடியும் பதிவே இல்லை

பதிவே ஆகாத ஆவணத்துக்கு எந்தச் சார்பதிவகத்திலும் நகல் இருக்காது. அரசு ஒப்படையாகக் கொடுத்த நிலத்துக்குப் பதிவு தேவையில்லை. அதன் ஆதாரம் வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் இருக்கும். வீட்டுவசதி வாரிய வீடுகளில் ஒதுக்கீட்டு ஆணை ஒன்று, பின்னால் போட்ட கிரயப் பத்திரம் இன்னொன்று. தவணை கட்டி முடித்தும் கிரயம் செய்யாமலே விட்ட குடும்பங்கள் நிறைய. அவர்கள் வாரியத்தின் கோட்ட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு குழப்பம். பழைய பத்திரங்களில் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யூ.டி.எஸ்., மட்டும்தான் கிரயமாகியிருக்கும். வீட்டுக்கான கட்டுமான ஒப்பந்தம் பதிவாகாமல் கட்டுநரோடு கையெழுத்தானதாக இருக்கும். "என் பத்திரத்தில் ஃபிளாட்டே இல்லையே" என்று பதற வேண்டாம். அந்த ஒப்பந்தத்தின் பிரதியைக் கட்டுநரிடமோ கடன் கொடுத்த வங்கியிடமோ கேளுங்கள்.

பதிவு இருக்கிறது, மூலம் மட்டும் வீட்டுக்கு வரவே இல்லை என்றால், நகலில் "47ஏ" என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரைத் தீர்வை குறைவு என்று அனுப்பப்பட்ட பத்திரம் அது. எண் கொடுத்துப் பதிந்திருப்பார்கள். ஆனால் குறைவுத் தொகை கட்டும்வரை மூலத்தைக் கொடுக்க மாட்டார்கள். முத்திரைத்தாள் தனித் துணை ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பின் நிலையை விசாரியுங்கள். தொலைந்தது என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நாளிதழில் விளம்பரமும் போட்ட பிறகு, பத்திரம் அரசாங்க அலமாரியில் இருந்தது தெரிய வந்தால் வீண் அலைச்சல்.

"புத்தகம் கிழிந்துவிட்டது, நகல் தர முடியாது"

வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். தொகுதி எண், பக்க எண் குறிப்பிட்டு, இன்ன காரணத்தால் நகல் தர இயலவில்லை என்று மனுவின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரக் கேளுங்கள். இப்படிக் கேட்டதும் புத்தகம் கிடைத்துவிடுவதும் உண்டு. கிடைக்காவிட்டால் அந்த மேற்குறிப்பைக் காட்டி மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் எழுதலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நகலையே கேட்டால், நகலுக்குத் தனி விதியும் கட்டணமும் இருக்கிறது என்று திருப்பிவிடுவார்கள். உங்கள் மனு எந்தத் தேதியில் வந்தது, யாரிடம் இருக்கிறது, ஏன் தாமதம் என்று கேளுங்கள். அதற்குப் பதில் தந்தே ஆக வேண்டும்.

இதற்கிடையில் வேறு வழியையும் பாருங்கள். சொத்து இரண்டு அலுவலகங்களின் எல்லையில் இருந்தால், பதிந்த அலுவலகம் மற்றதற்குக் குறிப்பாணை அனுப்பியிருக்கும். அங்கே போய்க் கேளுங்கள். அந்தச் சொத்தின் மேல் எப்போதாவது வழக்கு நடந்திருந்தால், நீதிமன்றக் கோப்பில் பத்திரத்தின் நகல் சான்றாவணமாக இருக்கலாம். அடமானம் வைத்திருந்தால் வங்கியின் பழைய கோப்பில் இருக்கலாம். இவை சார்பதிவாளர் தரும் நகலுக்கு ஈடாகாது. ஆனால் எல்லையும் அளவும் முந்தைய பத்திரத்தின் எண்ணும் அதில் கிடைத்துவிடும். வில்லங்கச் சான்றையும் அலுவலகத்தின் மேற்குறிப்பையும் சேர்த்து வக்கீலிடம் கொடுத்தால், அடுத்து என்ன செய்வது என்று அவர் பார்த்துச் சொல்வார்.